டிவிஷன் மணி

நவம்பர் 23, ஞாயிறு. வேலாங்கரை

மழையில் வண்டி வராது என்று மைக் செட்காரன் கைவிரித்துவிட்டான். நல்லதாகப் போயிற்று. இந்தத் தொண்டைக்கு மைக் எதற்கு? உப்பளச் சங்கக் கொட்டகையில் நின்று பேசினேன். கடைசி உப்பு அம்பாரத்துக்கு அந்தப் பக்கம் குடை பிடித்து நின்றவனும் தலையாட்டினான். வக்கீல் பரமார்த்தலிங்கம் முதல் கோர்ட்டில் வாதாடினால் மூன்றாம் கோர்ட்டில் தீர்ப்பு மாறிவிடும் என்று பார் அசோசியேஷனில் கேலி பேசுவார்கள். இந்த ஊர் என்னை எம்.பி. ஆக்கியது பாதி இந்தத் தொண்டைக்காக. மீதிப் பாதி கூட்டணிக்காக.

விஷயம் இதுதான். நாடு முழுக்க இருக்கிற மத்திய அரசின் உப்பள நிலங்களைத் துறைமுகக் கிடங்குகளுக்குக் கைமாற்றிக் கொடுக்க ஒரு மசோதா வருகிறது. இந்தக் குளிர்காலக் கூட்டத்தொடரிலேயே நிறைவேற்றப் பார்க்கிறார்கள். வேலாங்கரை அளம் முழுதாகப் போய்விடும். பாத்தியில் கால் வைத்துப் பிழைக்கிற நானூறு குடும்பம் எங்கே போகும் என்று மசோதாவில் ஒரு வரி கிடையாது. படித்துப் பார்த்துவிட்டேன். கொண்டுவருவது ஆளும் கூட்டணி. அந்தக் கூட்டணியில் எங்கள் கட்சியும் இருக்கிறது.

முன்வரிசையில் பூலம்மாள் உட்கார்ந்திருந்தாள். சங்கத் தலைவி. பல வருஷத்துக்கு முன்னால் ஒரு மறியல் வழக்கில் அவளுக்கு நான் ஜாமீன் எடுத்தேன். அன்றிலிருந்து என்னை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் அவள் எதையும் செய்வாள்.

"வக்கீலய்யா, கீழ்ச்சபைன்னு சொல்லுதாவளே, அப்ப மேல ஒரு சபை இருக்குல்லா? பெரியவுக அங்கன நிறுத்திப்போட மாட்டாவளா?"

"பேருதாம்மா கீழ்ச்சபை. நீங்க ஓட்டுப் போட்டு நேரா அனுப்புறது அங்கதான். ஆட்சி நிக்கிறதும் விழுறதும் அங்கதான். இதைப் பண மசோதான்னு சொல்லிட்டா, மேல்சபை ரெண்டு வாரம் வச்சுப் பாத்துட்டுத் திருப்பிக் குடுக்க வேண்டியதுதான். அவங்க யோசனையக் கேக்கணும்னுகூட இல்ல."

"அப்ப அங்கன தோத்தா தோத்ததுதான்."

"ஆமா."

"யாரு யாரு எங்களுக்கு எதிராக் கை தூக்குவாவ?"

கை தூக்குவதே கிடையாது என்று விளக்கினேன். சபையில் முதலில் குரல் வாக்கெடுப்பு. 'ஆம் என்போர்' என்றால் ஒரு கூச்சல், 'இல்லை என்போர்' என்றால் ஒரு கூச்சல். சத்தத்தை வைத்துச் சபைத் தலைவர் முடிவு சொல்லிவிடுவார். யார் எந்தப் பக்கம் கத்தினார்கள் என்று எங்கும் பதிவாகாது. யாராவது ஒருவர் எழுந்து 'டிவிஷன்' என்று கேட்டால்தான் கதை மாறும். மூன்றரை நிமிடம் மணி அடிக்கும். காண்டீனில் காப்பி குடிப்பவன், வாசலில் பேட்டி கொடுப்பவன் எல்லாரும் ஓடி வர வேண்டும். அதற்குத்தான் அந்த மணி. பிறகு கதவைச் சாத்திவிட்டு ஆளுக்கொரு பொத்தானை அழுத்த வேண்டும். ஆதரவுக்குப் பச்சை, எதிர்ப்புக்குச் சிவப்பு. பேரோடு பதிவாகும்.

பூலம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். "அப்ப அந்த மணிய அடிக்க வைங்கய்யா. தோத்தாலும் பரவால்ல. இந்தக் கடக்கரையில ஓட்டு வாங்கிட்டுப் போனவன் ஒவ்வொருத்தனும் எந்தப் பொத்தான அமுக்குனான்னு எங்களுக்குத் தெரியணும்."

அவள் சொன்னது கோபத்தில். ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. அரசுக்குச் சபையில் பெரும்பான்மை மயிரிழைதான். கூட்டணியில் உப்பளம் இருக்கிற தொகுதிக்காரர்கள் மட்டும் ஒரு பத்துப் பதினைந்து பேர் தேறுவார்கள். பேர் வெளியே வரும் என்றால் பாதிப் பேருக்கு அன்று வயிற்றுவலி வந்துவிடும். மசோதா தோற்கும். பண மசோதா மக்களவையில் தோற்றால் ஆட்சியே ராஜினாமா செய்ய வேண்டிய மரபு. ஒரு சொல்லில் இவ்வளவும் இருக்கிறது.

"மசோதா வர்ற அன்னிக்கு மணி அடிக்கும். அடிக்க வைக்கிறது நான். பதவி போனாலும் போகட்டும்!" என்றேன். கைதட்டலில் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.

வீட்டில் ஆவுடை தலைதுவட்டத் துண்டு கொடுத்தபடி கேட்டாள். "பதவி போனாலும்னு எதுக்குச் சொன்னிய?"

"ஒரு வேகத்துல வந்துட்டுது."

"நீங்க வேகத்துல சொன்னிய. அவுக நிதானமா நம்பிட்டுப் போறாவ."

இவளை நான் கலியாணம் செய்துகொண்டதற்குப் பதில் ஜூனியராக வைத்திருக்கலாம்.

நவம்பர் 30, ஞாயிறு. டெல்லி

ஃபிளாட்டில் கீஸர் ஓடவில்லை. பொதுப்பணித்துறை ஆள் வந்து பார்த்துவிட்டுப் புதிதுதான் போடவேண்டும் என்று சொல்லிப் போனான். போன கூட்டத்தொடரிலும் இதையேதான் சொன்னான். என் செயலர் ஜெபராஜ் அடுப்பில் வெந்நீர் வைத்துக் கொடுத்தார். நாகர்கோவில்காரர். டெல்லிக்கு வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. எனக்கு முன்னால் ஆறு எம்.பி.க்களுக்கு வேலை பார்த்தவர். ஆறு பேரைப் பற்றியும் நல்லதும் சொல்லமாட்டார், கெட்டதும் சொல்லமாட்டார். ஏழாவது ஆளைப் பற்றியும் அப்படித்தான் இருப்பார் என்பது ஒரு நிம்மதி.

டிசம்பர் 1, திங்கள்

தொடர் ஆரம்பம். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் என் இருக்கை. பச்சைக் கம்பளம். மேலே கூரையைப் பார்த்தால் கழுத்து வலிக்கிறது, இருந்தாலும் பார்க்கிறேன். பத்தொன்பது வயதில் கல்லூரியில் மாதிரி நாடாளுமன்றப் போட்டியில் எதிர்க்கட்சித் தலைவராக நின்று பேசி ஒரு பிளாஸ்டிக் கோப்பை வாங்கினேன். அன்றைக்கு வந்த ஆசை. மூன்று தேர்தலில் சீட் கேட்டுக் கிடைக்காமல், நாலாவதில் கிடைத்துத் தோற்று, ஐந்தாவதில் வந்தேன். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், இந்த இடத்தை நான் மனதாரக் காதலிக்கிறேன். இங்கே சும்மா உட்கார்ந்திருந்தாலே எனக்குச் சந்தோஷம்.

சும்மா உட்கார்ந்திருக்கத்தான் வாய்ப்பும் அதிகம்.

டிசம்பர் 3, புதன்

எதிர்க்கட்சியில் குரியாக்கோஸ் என்கிற கொல்லத்துக்காரர் காண்டீனில் என் மேஜைக்கு வந்தார். நல்ல மனிதர், தமிழ் பாதி மலையாளம் பாதி. டிவிஷனை அவர்கள் கட்சியே கேட்கும் என்றார். "வக்கீல் சார், நீங்கள் சிவப்பு அழுத்தினால் மதி, அது போதும். மற்றது எங்கள் ஜோலி."

பெரிய பாரம் இறங்கியது. அவர்கள் கேட்பார்கள், மணி அடிக்கும், பூலம்மாளுக்கு வேண்டியது மணிதானே. யார் கேட்டால் என்ன? அதற்குப் பிறகு வருகிற பொத்தானைப் பற்றி அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மதியம் சாம்பாரில் சர்க்கரை.

டிசம்பர் 5, வெள்ளி

மசோதா அறிமுகமாகிவிட்டது. பண மசோதாதான் என்று சபைத் தலைவரும் சொல்லிவிட்டார். பூலம்மாளுக்குப் போனில் சொன்னேன்.

"நீங்க சொன்ன மாதிரியேதான் நடக்குது என்னய்யா?" என்றாள். பெருமையாகச் சொன்னாள். என் படிப்பில் அவளுக்கு ஒரு பெருமை.

டிசம்பர் 6, சனி

எங்கள் கட்சிக் கொறடா மதிவாணன் காலை டிபனுக்கு வந்தான். வயதில் எனக்குத் தம்பி, பதவியில் அண்ணன். ஜெபராஜ் வைத்த இட்லியில் எட்டைத் தின்றுவிட்டு உத்தரவை மேஜைமேல் வைத்தான். பதினொன்றாம் தேதி எல்லா உறுப்பினர்களும் தவறாமல் சபையில் இருந்து மசோதாவை ஆதரித்து வாக்களிக்க வேண்டும். அடியில் மூன்று கோடு. மூன்று கோடு போட்ட உத்தரவை மீறினால் கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவி போகும். வராமல் படுத்துக்கொண்டாலும் போகும்.

"அண்ணே, உங்க கஷ்டம் நம்ம கட்சித் தலைவருக்குப் புரியுது. ஊர்ல பேசிட்டீங்க. தப்பே இல்ல. அதனால ஒரு வழி சொல்றேன். குரல் வாக்கெடுப்புல 'நோ'ன்னு எத்தன தடவ வேணும்னாலும் சொல்லிக்கோங்க. கட்சிக்கு அது காதுல விழாது. டிவிஷன் மட்டும் வேணாம். டிவிஷன் வந்துச்சுன்னா பொத்தான அமுக்கித்தான ஆகணும்? பச்சைய அமுக்கினா ஊர்ல போச்சு, சிவப்ப அமுக்கினா இங்க போச்சு. எதுக்கு அந்த வம்பு?"

"டிவிஷன் கேக்கப்போறது எதிர்க்கட்சி. என்கிட்ட ஏன் சொல்ற?"

"அவங்க அன்னிக்கு உள்ள இருந்தாத்தான அண்ணே?" என்று சிரித்துக்கொண்டே கை கழுவப் போனான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. முப்பது வருஷம் தொழிலாளர் வழக்கு நடத்தியவனிடம் வந்து பேசுகிற பேச்சா இது? முகத்தில் அடித்தாற்போல் பதில் கொடுத்து அனுப்பினேன்.

"பாக்கலாம்" என்றேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

தொண்டை லேசாகக் கரகரக்கிறது. டெல்லிக் காற்று. சமையலறையில் மிளகு தட்டிக்கொண்டிருந்த ஜெபராஜிடம் சொன்னேன். "அப்படியா சார்? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார். அவருக்கு எப்படித் தெரியும்? தொண்டை என்னுடையது.

வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்தேன். பாக்கெட் உப்பு. வேலாங்கரைக் கல்லுப்பின் காரம் இதற்குக் கிடையாது.

பதவி போய்விட்டால் அப்புறம் இவர்களுக்காகச் சபையில் கேள்வி கேட்க யார் இருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மழைக்கால நிவாரணம் பற்றி இரண்டு கேள்வி கொடுத்திருக்கிறேன். கேள்விகளைக் குலுக்கல் போட்டுத்தான் எடுப்பார்கள், இரண்டும் வரவில்லை. ஆனால் வரலாம். உள்ளே ஒருவன் இருந்தால்தானே வரும்? இடைத்தேர்தலில் வேறு எவனோ ஒரு ஊமை வந்து உட்கார்ந்தால் அந்த ஜனங்களுக்கு என்ன லாபம்? இது எனக்காகச் சொல்வதில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையில் ஆவுடை போனில் இருக்கும்போது, கீழே ஒரு டிரைவர் காரை என் கார் வெளியே வர முடியாதபடி குறுக்கே நிறுத்திவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான். பக்கத்து ஃபிளாட் எம்.பி.யின் ஆள். மாடி பால்கனியிலிருந்து ஒரு அதட்டு அதட்டினேன். பீடி வாயிலிருந்து விழுந்தது. தெருக்கோடியில் காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் இரண்டு பேர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். இந்த வயதிலும் பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போனில் ஆவுடை, "தொண்டை கட்டிக்கிடுச்சுன்னு ஜெபராஜ் சொன்னாரு?" என்றாள்.

இந்த மாதிரி கத்தினால் கட்டாமல் என்ன செய்யும் என்றேன். இனி இரண்டு நாள் பேச்சைக் குறைக்க வேண்டும்.

டிசம்பர் 10, புதன்

பூலம்மாள் போன் செய்தாளாம். நாளைக்குச் சங்கக் கொட்டகையில் டி.வி. வைத்து எல்லோரும் சபையைப் பார்க்கப் போகிறார்களாம். தொண்டைக்காகப் பேசவில்லை, ஜெபராஜ் பேசிக்கொண்டார்.

டிசம்பர் 11, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் இரண்டு பேரைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அது வேறு விவகாரம், அதற்கும் உப்பளத்துக்கும் சம்பந்தமில்லை. எதிர்க்கட்சியினர் சபையின் நடுவே வந்து கோஷம் போட்டார்கள். மதியம் கூடியதும் மொத்தமாக வெளிநடப்பு. போகிறபோது குரியாக்கோஸ் என் இருக்கைப் பக்கம் குனிந்தார். "ஞங்கள் வாசல் படியில்தான் நிற்கும். உள்ளே இனி நீங்கள் மாத்திரம்தான். டிவிஷன் கேளுங்கள். மணி அடித்தால் ஓடி வரும்." என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் போன கையோடு மசோதாவை எடுத்தார்கள். மதிவாணன் சொன்னது இதைத்தான். அமைச்சர் கொஞ்ச நேரம் பேசினார். எங்கள் கட்சிக்கு ஒதுக்கிய நேரத்தில் வேறொருவர் எழுந்து துறைமுகத்தின் பெருமையைப் பேசினார். கடலையே பார்க்காத தொகுதி அவருக்கு. பிறகு பிரிவு பிரிவாக வாக்கெடுப்பு, எல்லாம் மொத்தம் மொத்தமாக ஓடியது. எதிர்ப்பக்கம் காலி. மதிவாணன் முன்வரிசையிலிருந்து இரண்டு முறை திரும்பி என்னைப் பார்த்தான்.

கடைசியாக மசோதா நிறைவேற வேண்டும் என்ற தீர்மானம். ஆம் என்போர் என்றார் தலைவர் இருக்கையில் இருந்தவர். ஒரு முழக்கம். இல்லை என்போர் என்றார்.

சபை அவ்வளவு அமைதியாக நான் பார்த்ததே இல்லை. எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மாள் மிட்டாய்த் தாளைப் பிரித்தார். அது கேட்டது.

நான் 'நோ' என்றேன். சொன்னேன். தொண்டை கட்டியிருந்ததால் வழக்கமான குரல் வரவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார். இல்லை, அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாரோ என்னவோ.

'ஆம் என்போருக்கே பெரும்பான்மை என்று நினைக்கிறேன்' என்றார் தலைவர். முதலில் 'நினைக்கிறேன்' என்றுதான் சொல்வார்கள். கொஞ்சம் நிறுத்துவார்கள். அப்புறம்தான் உறுதியாகச் சொல்வார்கள். அந்த நிறுத்தம் சும்மா மூச்சு வாங்க இல்லை. அவர் நினைப்பதை மறுத்து டிவிஷன் கேட்க நினைக்கிறவனுக்காக வைத்த இடம் அது. விதிப்புத்தகத்தை மனப்பாடமாகப் படித்தவன் நான், எனக்குத் தெரியாதா? இன்றைக்கு அவர் வழக்கத்தைவிடக் கூட நேரம் நிறுத்தியதுபோல எனக்குத் தோன்றியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

டிவிஷன் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் முடித்துவிட்டார்கள்.

வெளியே வந்தேன். குரியாக்கோஸும் அவர் ஆட்களும் படியில் வரிசையாக நின்றிருந்தார்கள். பாதிப் பேர் ஓடுவதற்குத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்கள். "மணி?" என்று கேட்டார் குரியாக்கோஸ். நான் தொண்டையைத் தொட்டுக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே மடித்த வேட்டியை அவிழ்த்துவிட்டார். ஏதாவது திட்டியிருக்கலாம்.

மதிவாணன் பின்னாலேயே வந்து என் கையில் ஒரு இருமல் மிட்டாய்ப் பட்டையை வைத்தான். "தொண்டையப் பாத்துக்கோங்கண்ணே."

டிசம்பர் 12, வெள்ளி

ஊர்ப் பத்திரிகைகளுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். ஜெபராஜ் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, "சார், என்னன்னு போடட்டும்?" என்றார்.

"உப்பள மசோதாவுக்கு எதிராக மக்களவையில் ஒலித்த ஒரே குரல் வேலாங்கரை எம்.பி.யின் குரல்" என்றேன்.

அடித்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. "ஒலித்த" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். பிறகு, "குரல் வாக்கெடுப்பு தானே சார், யாரும் இல்லன்னு நிரூபிக்க முடியாது" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. முப்பத்தைந்து வருஷம் டெல்லியில் இருந்தால் மனுஷனுக்கு முகமே இல்லாமல் போய்விடும் போலிருக்கிறது.

ஆவுடை போன் செய்தாள். சங்கக் கொட்டகைக்கு அவளும் போயிருந்தாளாம். சபையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேஸ் சிலிண்டர் வந்தது, தென்னையில் வண்டு விழுந்திருக்கிறது, அத்தைக்குக் கண் ஆபரேஷன் தள்ளிப்போட்டார்கள். எல்லாம் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

மேல்சபை ஒரே பிற்பகலில் பேசிமுடித்து மசோதாவைத் திருப்பி அனுப்பிவிட்டது. நான் போட்ட கணக்கு எல்லாம் சரியாகவே வருகிறது.

யோசித்துப் பார்த்தேன். நான் டிவிஷன் கேட்டிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? உப்பளத் தொகுதிக்காரர்கள் எல்லாரும் பச்சையையே அழுத்தியிருப்பார்கள். மசோதா நிறைவேறித்தான் இருக்கும், நான்தான் வெளியே நின்றிருப்பேன். யாரும் வயிற்றுவலி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். நிச்சயமாகத் தெரியும்.

நிச்சயமாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த மணி.

மேலே எழுதியதை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பேனா வேறு மக்கர் பண்ணுகிறது.

டிசம்பர் 19, வெள்ளி

தொடர் முடிந்தது. மதிவாணன் போன். என்னைத் துறைமுகத்துறை ஆலோசனைக் குழுவுக்குக் கட்சி சிபாரிசு செய்திருக்கிறதாம். "தலைவருக்கு ரொம்பத் திருப்தி அண்ணே. ஊர்லயும் நல்ல பேரு, இங்கயும் நல்ல பேரு. உங்கள மாதிரி ஆள் கட்சிக்கு வேணும்."

குழுவில் இருந்தால் நஷ்டஈடு பற்றியாவது பேசலாம். அதனால் ஒத்துக்கொண்டேன். கீஸர் புதிதாக வந்து மாட்டிவிட்டார்கள், நாளைக்கு நான் ஊருக்குப் போகிறேன்.

டிசம்பர் 28, ஞாயிறு. வேலாங்கரை

வரவேற்புக்கு நான் ஏற்பாடு செய்யச் சொல்லவில்லை. கட்சிக்காரர்கள் அறிக்கையைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, போஸ்டர் அடித்து ஒட்டியிருந்தார்கள். 'ஒரே குரல்' என்று என் படத்துக்குக் கீழே. வாயைத் திறந்தபடி இருக்கிற படமாகத் தேடிப் போட்டிருந்தார்கள்.

சங்கக் கொட்டகையில் கூட்டம் குறைவுதான். அளத்தில் மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. தை பிறந்து பாத்தி கட்டுகிற நேரம் வருகிறது, இந்த வருஷம் கட்டலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. தூரத்து வரப்பில் நில அளவைக்காரர்கள் சிவப்புக் கொடிக் கம்பு நட்டுக்கொண்டு போனார்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் ஜனங்கள் என் பேச்சைக் கேட்டார்கள்.

மாலை போட்டார்கள். சால்வை போர்த்தினார்கள். நான் சட்டத்தைப் பற்றி, வெளிநடப்பைப் பற்றி, இனி கோர்ட்டில் செய்ய வேண்டியதைப் பற்றிச் சொன்னேன். ஆளும் தரப்பின் கூச்சலில் என் எதிர்ப்பு அமுங்கிப்போனது என்றும் சொன்னேன். தலையாட்டினார்கள். நம்பினார்கள் என்றுதான் நினைக்கிறேன். தோற்றுப்போனவர்களுக்கு நம்ப ஏதாவது வேண்டியிருக்கிறது.

கட்சிக்காரன் ஒருவன் கூட்டத்திலிருந்து கத்தினான். "அண்ணாச்சி, அங்க எப்பிடிச் சொன்னியன்னு ஒரு தரம் சொல்லிக் காட்டுங்க! சனங்க கேக்கட்டும்!"

ஆமாம் ஆமாம் என்று நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். விடவில்லை. அப்புறம் எனக்கே என்னவோ ஆகிவிட்டது. மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தேன். அந்தக் காலி எதிர்ப்பக்கமும், கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த மனிதரும், மதிவாணனின் பிடரியும் அப்படியே கண்முன் நின்றன.

"நோ!" என்றேன். "டிவிஷன்! டிவிஷன்!"

மைக் இல்லை. தேங்கிய தண்ணீரில் நின்ற நாரைக் கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறந்தது. தூரத்து வரப்பில் அளவைக்காரர்கள் கம்பைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம். நெஞ்சு விம்மிவிட்டது எனக்கு. கண்ணில் தண்ணீர்கூட வந்தது, அது நடிப்பில்லை.

கை தட்டினார்கள். விசில் அடித்தார்கள். பூலம்மாள் தட்டவில்லை. முன்வரிசையில் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு என்னையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு பக்கத்தில் வந்தாள்.

"இம்புட்டுச் சத்தம் இருக்கேய்யா உங்ககிட்ட."

நான் சிரிக்கப் பார்த்தேன்.

"அன்னிக்கு நாங்க டி.வி.ல சத்தத்தக் கூட்டிக் கூட்டி வச்சுக் கேட்டோம். நீங்க உக்காந்திருக்கிறது தெரிஞ்சுது. ஒரு சத்தமும் வரல. மணி இப்ப அடிக்கும், இந்தா அடிக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தோம்." சுருட்டிய முந்தானையை விட்டாள். "டி.வி.ல கோளாறுன்னு நெனச்சு, பாவம் அந்த கேபிள்காரன வாய்க்கு வந்தபடி ஏசிப்போட்டோம்யா."

அவள் குரலில் கோபம் இல்லை. குத்தலும் இல்லை. கேபிள்காரனுக்காக நிஜமாகவே வருத்தப்பட்டாள். சால்வை கீழே விழுந்திருந்தது, எடுத்து மடித்து என் கையில் கொடுத்துவிட்டுக் கொடிக்கம்பு நட்டிருந்த வரப்பு வழியாகப் போனாள்.

டிசம்பர் 29, திங்கள்

காலையில் ஆவுடை வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது என்றேன்.

"தெரியும்" என்றாள்.